கழக்கூட்டம்: மரபுச் செல்வமும் நகரத் திட்டமும்

நகரத் திட்டம் என்றதும் சாலை, குடிநீர், கழிவுநீர், குடியிருப்பு ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. மரபுச் செல்வங்களைப் பேணுவது தொல்பொருள் துறையின் பணி என்று ஒதுக்கிவிடுகிறோம். இவ்விரண்டையும் இணைத்துப் பார்ப்பதால் கிட்டும் பயனையும், பிரித்துப் பார்ப்பதால் நேரும் இழப்பையும் ஒருங்கே காட்டும் பகுதி, திருவனந்தபுரத்தின் வடபால் அமைந்த கழக்கூட்டமும் அதன் சுற்றுப்புறமும் ஆகும்.

சிற்றூர் நகரானது

திருவிதாங்கூர் வரலாற்றில் எட்டுவீட்டுப் பிள்ளைமாருள் ஒருவரது ஊர் என அறியப்பட்டது கழக்கூட்டம். இங்கு 1962இல் சைனிக் பள்ளியும், 1990இல் டெக்னோபார்க் தொழில்நுட்பப் பூங்காவும் நிறுவப்பட்டன. 2010இல் கழக்கூட்டம் ஊராட்சி திருவனந்தபுரம் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. 2022இல் சுமார் 2.7 கி.மீ. நீளமுள்ள மேம்பாலச் சாலை திறக்கப்பட்டது. டெக்னோபார்க்கின் முதல் வளாகம் எழுந்த இடத்தின் பெயர் வைத்தியன் குன்று. நாட்டு மருத்துவர் ஒருவரை நினைவூட்டும் அப்பெயரை, அங்கு நாள்தோறும் பணிக்கு வருவோருள் எத்தனை பேர் அறிவர்?

இரு நல்ல சான்றுகள்

கழக்கூட்டத்திற்கு அருகிலுள்ள தும்பா, நிலக் காந்த நடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் ராக்கெட் ஏவுதளத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கிருந்த புனித மரிய மகதலேனா தேவாலயம் இடிக்கப்படவில்லை. ஏவுதளத்தின் தொடக்ககால அலுவலகமாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் தும்பாவிலிருந்து ஏவப்பட்டது. அத்தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகிறது. கட்டடம் நிலைத்தது, ஆயினும் அதைச் சூழ்ந்து வாழ்ந்த மீனவக் குடும்பங்கள் இடம்பெயர நேர்ந்ததையும் நாம் மறத்தலாகாது.

இரண்டாவது சான்று நகரின் விமான நிலையம். பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனி, ஐப்பசி விழாக்களின் முடிவில் ஆறாட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குச் செல்கிறது. அதற்கென ஆண்டுக்கு இருமுறை சில மணி நேரம் விமானப் போக்குவரத்து நிறுத்தப்படுகிறது. பழைய பாதையும் புதிய தேவையும் ஒன்றுக்கொன்று இடம் கொடுக்க இயலும் என்பதற்கு இது சான்று.

கைவிடப்பட்ட நீர்வழி

இதற்கு மாறானது பார்வதி புத்தனாற்றின் நிலை. ராணி கௌரி பார்வதி பாயின் ஆட்சிக்காலத்தில் (1815–1829) வெட்டப்பட்ட இக்கால்வாய், நகரைக் கடினங்குளம் காயலுடன் இணைத்துப் படகுப் போக்குவரத்திற்கு உதவியது. சாலைகள் பெருகியதும் இது வெறும் வடிகாலாகக் கருதப்பட்டு, ஆகாயத்தாமரையும் கழிவும் நிறைந்தது. இதை மீண்டும் நீர்வழியாக்கும் பணிக்கு இப்போது பெரும்பொருள் தேவைப்படுகிறது. கால்வாயையும் மரபுச் செல்வமாக மதித்துப் பேணியிருந்தால் இச்செலவில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம்.

செய்ய வேண்டுவன

1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையைச் சேர்த்தது. நகரத் திட்டமிடுதலும் பண்பாட்டு, அழகியல் கூறுகளை வளர்த்தலும் அவ்வட்டவணையில் நகராட்சிகளுக்குரிய பணிகளாக ஒருங்கே இடம்பெற்றுள்ளன. ஆகவே, திட்ட வரைபடம் தீட்டுமுன் மூன்று பணிகளை மேற்கொள்ளலாம்.

முதலாவது, வார்டுதோறும் கோயில், தேவாலயம், பள்ளிவாசல், குளம், கால்வாய், சந்தை, பழைய ஊர்ப்பெயர் ஆகியவற்றைப் பட்டியலிடுதல். ஸ்ரீ நாராயண குரு 1856இல் பிறந்த செம்பழந்தி போன்ற அண்மை ஊர்களையும் இதில் சேர்க்க வேண்டும். இரண்டாவது, பழைய கட்டடங்களைப் பூட்டி வைக்காது, தும்பாவைப் போலப் புதிய பயனுக்குக் கொணர்தல். மூன்றாவது, அவ்விடங்களைச் சார்ந்து வாழ்வோரின் கருத்தை முதலிலேயே கேட்டறிதல்.

மேம்பாலமும் கண்ணாடி மாளிகையும் எந்த நகரிலும் எழலாம். ஓர் ஊரைப் பிறவூர்களினின்று வேறுபடுத்திக் காட்டுபவை அதன் நீர்வழிகளும், பாதைகளும், பெயர்களுமே. அவற்றை வரைபடத்தில் முதலில் குறித்துவிட்டு, அதன்பின் சாலைக்கோடுகளை இடுவதே சிறந்த திட்டமாகும்.