அமிலமும் காரமும்: அளந்து பார்த்துத் திருத்துவோம்



மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ படிக்கும் நம் பிள்ளைகள் 'ஆசிட்', 'பேஸ்' என்று கற்பவற்றைத் தமிழில் அமிலம், காரம் என்கிறோம். மிளகாயின் காரம் வேறு, இந்தக் காரம் வேறு.

தண்ணீரில் கரைந்து ஹைட்ரஜன் அயனிகளைத் தருவது அமிலம். ஹைட்ராக்சைடு அயனிகளைத் தருவது காரம். 1880-களில் சுவீடன் நாட்டு விஞ்ஞானி அரீனியஸ் தந்த விளக்கம் இது. எலுமிச்சைச் சாறு, புளி, மோர் ஆகியவை அமிலப் பக்கம். சுண்ணாம்பு, சலவைச் சோடா, சோப்பு ஆகியவை காரப் பக்கம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? சுவைத்துப் பார்க்கவே கூடாது. மஞ்சள்தூளை நீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசி உலர்த்துங்கள். அதில் சுண்ணாம்பு நீர் பட்டால் சிவக்கும். மேலே எலுமிச்சைச் சாறு விட்டால் மீண்டும் மஞ்சளாகும். காரத்தை அமிலம் சரிக்கட்டுவதே இதற்குக் காரணம். இதற்கு நடுநிலையாக்கல் என்று பெயர். ஆனால் மஞ்சள் தாள் அமிலத்தைக் காட்டித் தராது. செம்பருத்தி இதழ் ஊறிய நீர் இரண்டையும் காட்டும்: அமிலத்தில் சிவக்கும், காரத்தில் பச்சையாகும்.

நிறம் பக்கத்தைச் சொல்லும். அளவைச் சொல்ல எண் வேண்டும். டென்மார்க்கின் சோரன்சன் 1909-இல் பி.எச். அளவுகோலை வகுத்தார். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. ஆகவே 5 என்பது 7-ஐவிட நூறு மடங்கு அமிலம்.

இந்த எண் நம் வயலுக்கும் தேவை. கேரள மண்ணில் பெரும்பகுதி அமில மண். கனமழை சுண்ணாம்புச் சத்தை அரித்துச் சென்றுவிடுகிறது. அதனால் விவசாயிகள் நிலத்துக்குக் கும்மாயம், அதாவது நீற்றிய சுண்ணாம்பு, இடுகிறார்கள். இடுக்கியின் தேயிலைக்கோ அமில மண்தான் பிடிக்கும். ஆனால் கோபாலபுரம் இருக்கும் சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியில் மழை குறைவு. அங்குள்ள கரிசல் மண் பெரும்பாலும் காரப் பக்கம் சாய்ந்தது. மேற்கே இடுகிறார்களே என்று இங்கும் கும்மாயம் இட்டால் பணம் வீண். இரும்பும் துத்தநாகமும் வேருக்குக் கிடைக்காமல் இலை வெளிறும். ஒரே மாவட்டம், இரண்டு மண். கிருஷி பவன் வழியாக மண்ணைப் பரிசோதித்த பிறகே முடிவு செய்யுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ரயில் பெட்டி பாட்டரி வேலையில் எங்களுக்கு முதல் பாடம் இதுதான்: தண்ணீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். அடுத்தது, கண்ணில் சுண்ணாம்போ அமிலமோ பட்டால் எதிர்ப்பொருளை விட்டுச் சரிசெய்ய முயலாதீர்கள்; அதில் எழும் வெப்பமும் புண்ணாக்கும். உடனே ஓடும் தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவி, மருத்துவமனைக்கு விரையுங்கள்.

பயிற்சி:
1. பி.எச். 4 உள்ள நீர், 6 உள்ள நீரைவிட எத்தனை மடங்கு அமிலம்?
2. மஞ்சள் தாள் சிவக்காவிட்டால் அந்தப் பொருள் அமிலம்தானா?

விடை: 1. நூறு மடங்கு. 2. அப்படிச் சொல்ல முடியாது, நடுநிலையாகவும் இருக்கலாம்.