ஓப்பன்ஷிஃப்ட் நிறுவும் முன்: கிளவுட் கணக்கைத் தயார் செய்யும் முறை



கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்த நாளிலிருந்து 'கிளவுட்' என்ற சொல் காதில் விழாத வாரம் கிடையாது. அது என்ன என்று விளக்கம் கேட்டால் நம்மில் பலர் கடகடவென்று ஒப்பித்துவிடுவோம். 'சரி தம்பி, ஒரு கணக்கைத் திறந்து அதில் ஒரு பிளாட்பார்மை நிறுவிக் காட்டு' என்றால்தான் கை நிற்கும். நிறுவும் கட்டளை ஒரே வரிதான். அதற்கு முன்னால் கணக்கைத் தயார் செய்வதில்தான் முழு வேலையும் இருக்கிறது. அந்த வேலையை மட்டும் இங்கே பார்ப்போம். எடுத்துக்காட்டாக, அமேசானின் ஏடபிள்யூஎஸ் கிளவுடில் ரெட் ஹாட் நிறுவனத்தின் ஓப்பன்ஷிஃப்டை நிறுவுவதை எடுத்துக்கொள்கிறேன்.

ஓப்பன்ஷிஃப்ட் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கூகுள் 2014-இல் வெளியிட்ட குபர்னெட்டிஸ்தான் இதன் உள்ளே இருக்கும் எஞ்சின். நம்முடைய அப்ளிகேஷனைக் கன்டெய்னராகக் கட்டிக் கொடுத்துவிட்டால், எந்த மெஷினில் ஓட்டுவது, ஒரு மெஷின் விழுந்தால் அடுத்ததில் எப்படி எழுப்புவது என்பதையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும்.

ரூட் கணக்கைப் பூட்டி வையுங்கள்

கணக்கு திறக்கும்போது நாம் கொடுக்கும் ஈமெயிலும் பாஸ்வேர்டும்தான் 'ரூட்' பயனர். வீட்டுப் பத்திரம் மாதிரி அது. பத்திரத்தைப் பையில் போட்டுக்கொண்டு யாரும் மளிகைக் கடைக்குப் போவதில்லை. ரூட்டுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு ஒதுக்கி வையுங்கள். நிறுவுவதற்கென்று ஐஏஎம் பகுதியில் தனியாக ஒரு பயனரை உருவாக்கி, அவருக்கு நிர்வாகி அனுமதி கொடுங்கள். நிறுவும் நிரல் நெட்வொர்க், மெஷின், பெயர்ப்பதிவு எல்லாவற்றையும் தானே உருவாக்குவதால் இவ்வளவு அதிகாரம் தேவைப்படுகிறது.

அந்தப் பயனருக்கு ஒரு சாவி ஜோடி கிடைக்கும். அதில் ரகசியச் சாவியை ஒரே ஒரு தடவைதான் திரையில் காட்டுவார்கள். உடனே பத்திரப்படுத்த வேண்டும். பிராஜெக்ட் கோடோடு சேர்த்து கிட்ஹப்பில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள்! பொதுவில் விழும் சாவிகளைப் பொறுக்குவதற்கென்றே நிரல்கள் அலைந்துகொண்டிருக்கின்றன. யாரோ ஒருவர் நம் கணக்கில் மெஷின் ஓட்டுவார், பில் நம் பெயருக்கு வரும்.

கோட்டா: அனுமதித்த லோடு எவ்வளவு?

வீட்டுக்கு கரண்ட் இணைப்பு வாங்கும்போது இவ்வளவு கிலோவாட் என்று ஓர் அளவு எழுதுவார்கள் அல்லவா? ஏடபிள்யூஎஸ்ஸிலும் ஒவ்வொரு கணக்குக்கும் அப்படி ஓர் அளவு உண்டு. பெரும்பாலான கோட்டாக்கள் ஒவ்வொரு ரீஜியனுக்கும் தனித்தனி. மும்பையில் கூட்டி வாங்கினால் ஐதராபாத்தில் கூடாது.

முதலில் சிபியு கணக்கு. கன்ட்ரோல் பிளேன் மெஷின்கள் 3, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 4 விசிபியு. வேலை செய்யும் மெஷின்கள் 3, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 2. இவை தவிர நிறுவும்போது மட்டும் பூட்ஸ்ட்ராப் என்று ஒரு மெஷின், அதற்கு 4. ஆக 12 + 6 + 4 = 22. பூட்ஸ்ட்ராப் எதற்கு என்று சிவில் நண்பர்களிடம் கேளுங்கள், உடனே சொல்வார்கள். கான்கிரீட் இறுகும் வரை சென்ட்ரிங் பலகை தாங்குகிறது; இறுகியதும் பிரித்துவிடுகிறோம். என் அப்பா சென்ட்ரிங் வேலை பார்ப்பவர். பூட்ஸ்ட்ராப்பை நான் விளக்கியதும், 'பலகையைப் பிரிக்கிற வரைக்கும் அதுக்கும் வாடகை உண்டுல்ல?' என்று கேட்டார். உண்டு! பூட்ஸ்ட்ராப்பைப் பிரிக்கும் வரை அந்த 4 விசிபியு நம் கோட்டாவில்தான் ஏறும்.

சாதாரண வகை மெஷின்களுக்கு ஏடபிள்யூஎஸ் குறித்து வைத்திருக்கும் ஆரம்ப அளவு 5 விசிபியு. 22-க்கு எங்கே போவது? 'சர்வீஸ் கோட்டாஸ்' பக்கத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சரியாக 22 என்று கேட்காமல் 32 என்று கேளுங்கள். நிறுவிய பிறகு ஒரு மெஷின் கூடுதலாகத் தேவைப்பட்டால் மறுபடியும் மனு போட வேண்டியிருக்காது. அனுமதி வர நேரமாகலாம். செமினாருக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்தால் வேலைக்காகாது.

அடுத்தது எலாஸ்டிக் ஐபி. பலர் தடுக்கி விழுகிற இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நிறுவும் நிரல், ரீஜியனில் உள்ள ஒவ்வொரு அவைலபிலிட்டி ஜோனிலும் ஒரு பொது சப்நெட், ஒரு தனி சப்நெட் போடும். தனி சப்நெட்டில் இருக்கும் மெஷின்களை வெளியிலிருந்து யாரும் நேரடியாகத் தொட முடியாது. ஆனால் அவை வெளியே போய் மென்பொருளை இறக்கிக்கொள்ள வேண்டுமே? அதற்காக ஜோனுக்கு ஒரு நாட் கேட்வே. ஒவ்வொரு கேட்வேக்கும் ஒரு எலாஸ்டிக் ஐபி. ஒரு ரீஜியனில் சாதாரணமாகக் கிடைக்கும் எலாஸ்டிக் ஐபி 5 மட்டுமே. மும்பையில் ஜோன்கள் 3, ஆகவே முதல் கிளஸ்டர் சிக்கலில்லாமல் ஏறும். அதே கணக்கில் நண்பர் ஒருவர் இரண்டாவது கிளஸ்டர் போட்டால் 6 ஆகிவிடும், அங்கே நின்றுவிடும். அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் ஜோன்கள் 6 இருப்பதால் முதல் கிளஸ்டரே நிற்கும். கோட்டாவைக் கூட்ட வேண்டும், அல்லது இத்தனை ஜோன் போதும் என்று கட்டமைப்புக் கோப்பில் எழுத வேண்டும்.

விபிசியும் ரீஜியனுக்கு 5தான், அதில் ஒன்று ஏற்கெனவே இருக்கும். ஒரு கிளஸ்டருக்கு ஒன்று போதும் என்பதால் கவலையில்லை.

டொமைன் பெயர்

சொந்தமாக ஒரு டொமைன் வேண்டும். ரூட் 53 சேவையில் அதற்குப் பொது ஹோஸ்டட் ஜோன் ஒன்று உருவாக்குங்கள். இதற்கு மாதம் 50 சென்ட். உருவாக்கியதும் நான்கு நேம் சர்வர் பெயர்கள் வரும். டொமைனை வேறு இடத்தில் வாங்கியிருந்தால், அங்கே போய் பழைய நேம் சர்வர்களை எடுத்துவிட்டு இந்த நான்கையும் போட வேண்டும். வீடு மாறியதும் தபால்காரருக்குப் புது விலாசம் சொல்வது போலத்தான். சொல்லாவிட்டால் கடிதம் பழைய வீட்டுக்கே போகும். டிக் கட்டளையில் கேட்டுப் பார்த்து, நான்கும் சரியாக வந்த பிறகே மேலே போங்கள். நிறுவும் நிரல் இந்த ஜோனில் தானே பெயர்களை எழுதும். அந்தப் பெயர்கள் வெளியே தெரியாவிட்டால் கிளஸ்டர் எழும்புவதற்குக் காத்துக் காத்து, கடைசியில் கைவிட்டுவிடும்.

பில்: யார் கார்டு அது?

நண்பர்களே, கணக்கு திறக்க கார்டு கேட்பார்கள். நம்மில் பாதிப் பேருக்கு அது அப்பாவின் கார்டுதான். ஆகவே இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம்.

2025 ஜூலையிலிருந்து புதிய கணக்குகளுக்கு 100 டாலர் கிரெடிட் தருகிறார்கள். சில பயிற்சிகளை முடித்தால் இன்னும் 100 வரை கிடைக்கும். ஆறு மாத இலவசத் திட்டத்தில் இருக்கும்வரை பில் வராது. ஆனால் அதில் சின்ன மெஷின்கள் சிலதான் எடுக்க முடியும். ஓப்பன்ஷிஃப்டுக்கு அது போதாது. கட்டணத் திட்டத்துக்கு மாறிய நொடியிலிருந்து மீட்டர் ஓடும்.

'வேலை முடிந்ததும் மெஷினை நிறுத்திவிட்டேன், இனி என்ன செலவு?' என்று நினைப்போம். கணக்குப் போடுவோம், வாருங்கள். வடக்கு வர்ஜீனியா விலையில் ஒரு நாட் கேட்வே மணிக்கு 4.5 சென்ட். மூன்று ஜோனுக்கு மூன்று கேட்வே, 30 நாளுக்கு 720 மணி: 97 டாலர் 20 சென்ட். 2024 பிப்ரவரியிலிருந்து பொது ஐபி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு அரை சென்ட். மூன்றுக்கு 10 டாலர் 80 சென்ட். மொத்தம் 108 டாலர். ஒரு மெஷின்கூட ஓடாமல்! டிஸ்க் வாடகையும் லோட் பேலன்சரும் இதில் சேரவில்லை. ரூபாயில் ஒன்பதாயிரத்துக்கு மேல். எங்கள் வீட்டில் அது பத்து நாள் கூலி.

ஆகவே எதையும் நிறுவும் முன்பே 'பட்ஜெட்ஸ்' பகுதியில் 5 டாலர், 10 டாலர் என்று எச்சரிக்கை வையுங்கள். அது மெயில் அனுப்பும், அவ்வளவுதான். செலவைத் தானாக நிறுத்தாது. செலவுக் கணக்கும் ஒரு நாளில் சில தடவைதான் புதுப்பிக்கப்படும். மெயில் வருவதற்குள் பல மணி நேரம் ஓடியிருக்கலாம்.

கிளஸ்டரை அழிப்பதற்கு ஒரு கட்டளை உண்டு. நிறுவிய ஃபோல்டரில் இருக்கும் மெட்டாடேட்டா கோப்பைப் பார்த்துத்தான், எதையெல்லாம் அழிக்க வேண்டும் என்று அது தெரிந்துகொள்ளும். லேபில் வேறு ஒருவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நிறுவினால் அந்த ஃபோல்டரை முழுதாகப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவல் பாதியில் நின்றாலும் அதுவரை உருவான கேட்வேக்கள் அப்படியே இருக்கும் என்பதால், அப்போதும் அழிக்கும் கட்டளையை ஓட்டியே ஆகவேண்டும். பிறகு கன்சோலில் அதே ரீஜியனைத் திறந்து நாட் கேட்வே, எலாஸ்டிக் ஐபி, லோட் பேலன்சர், டிஸ்க் நான்கும் காலியா என்று கண்ணால் பாருங்கள். ஹோஸ்டட் ஜோன் நாம் கையால் உருவாக்கியது. அதை நிரல் தொடாது. இனி தேவையில்லை என்றால் நாமே அழிக்க வேண்டும்.