அத்தையும் ஏ.ஐ.யும்

கேள்வி: என் மாமியாருக்கு 74 வயது. பேச்சைப் பதிவு செய்து கொடுத்தால் மறதிநோய் இருக்கிறதா என்று ஏ.ஐ. சொல்லிவிடுமாமே? "அம்மாவை மெஷின்கிட்ட காட்டுறதா?" என்று கணவர் கோபப்படுகிறார்.
- வாசகி, கும்பகோணம்

பதில்: மெஷின் என்பதற்காகத் தயங்க வேண்டாம். அது யார் பேச்சைக் கேட்டுப் பழகியது என்று பாருங்கள். பேச்சை வைத்து மறதிநோயைக் கண்டறியும் ஆய்வுகளில் அதிகம் புழங்குவது 1972-ல் பாஸ்டனிலிருந்து வந்த ஒரு சோதனைப் படம். அதில் ஒரு அம்மா தட்டு துடைக்கிறாள், தொட்டி நிரம்பி வழிகிறது, பின்னால் பையன் முக்காலியில் ஏறி பிஸ்கட் திருடுகிறான். பார்ப்பவர் அதை விவரிக்கும்போது எங்கே தடுமாறுகிறார், எந்தச் சொல் சிக்காமல் 'அது... அதான்' என்கிறார் என்று கணினி அளக்கிறது. பெரும்பாலும் ஆங்கிலப் பேச்சில்தான். நம் வீட்டில் நல்ல ஞாபகசக்தி உள்ளவர்களே 'அந்த இதை எடு' என்பவர்கள்!

பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, ஏன், காது மந்தம்கூட மறதி மாதிரியே தெரியும். முதல் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை போதும். முதலில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அடுப்பை அணைக்க மறந்தது, தெரிந்த தெருவில் வழி தவறியது எல்லாம் தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள்.

மாத்திரை நேரத்தை நினைவூட்ட செல்போனைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பேச்சைப் பதிவு செய்வதானால் அத்தையிடமே கேட்டுவிடுங்கள். கணவர் சம்மதம் அப்புறம்.