ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு: படம் போகும், தேதி போகுமா?

சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் பிள்ளை, லீவுக்கு வரும்போது அப்பாவுக்கு ஒரு ஐபோன் வாங்கி வருவது பட்டுக்கோட்டை, திருவையாறு, மன்னார்குடிப் பக்கம் இப்போது சாதாரணமாகிவிட்டது. அப்பா கையில் ஐந்தாறு வருடமாக உழைத்த ஆண்ட்ராய்டு போன், அதில் ஆயிரக்கணக்கில் படங்கள். "எல்லாத்தையும் வாட்ஸ்அப்ல அனுப்புங்கப்பா, நான் புது போன்ல போட்டுத் தரேன்" என்பதுதான் பல வீடுகளில் எழும் முதல் யோசனை.

அந்த யோசனை வேண்டாம். ஏன் என்று தெரிந்துகொண்டால், மற்ற வேலை எல்லாம் எளிது.

போனில் ஒரு படம் எடுக்கும்போது, படத்தோடு சேர்த்து சில குறிப்புகளும் அதே கோப்புக்குள் எழுதப்படுகின்றன. எடுத்த தேதி, நேரம், எந்த மாடல் போன், லொக்கேஷன் ஆன் செய்திருந்தால் எந்த இடம். இதை 'எக்ஸிஃப்' விவரம் என்பார்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பும்போது படத்தின் அளவு சுருக்கப்படுகிறது. இந்த விவரமும் நீக்கப்பட்டுவிடுகிறது. போய்ச் சேரும் படம் கண்ணுக்கு அதே படம்தான். ஆனால் என்று, எங்கே எடுத்தது என்று அதற்குத் தெரியாது.

டெல்டாக்காரர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பகுதிகளில் வேரோடு சாய்ந்த தென்னந்தோப்புகளை அன்றே போனில் படம் எடுத்து வைத்தவர்கள் உண்டு. தாளடி மூழ்கிய வயல், களத்தில் நனைந்த நெல், இடிந்த சுவர் என்று அதற்குப் பிறகும் எத்தனையோ. நிவாரணத்துக்கும் காப்பீட்டுக்கும் அதிகாரிகள் நேரில் வந்து எடுக்கும் கணக்குதான் முதன்மை. படம் அதற்கு மாற்று ஆகாது. ஆனாலும் பின்னால் ஒரு கேள்வி எழும்போது, தேதியும் இடமும் உள்ள படத்தைக் காட்டிப் பேசுவதும், "அப்போ எடுத்ததுங்க" என்று வாய்வார்த்தையாகச் சொல்வதும் ஒன்றல்ல. வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு வரும் ஊர்களில் இதை விளக்க வேண்டியதே இல்லை.

நாலைந்து படம்தான் அனுப்ப வேண்டும் என்றால் வாட்ஸ்அப்பிலேயே 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்புங்கள். அப்போது கோப்பு அப்படியே போகும், விவரமும் கூடவே போகும். ஆயிரம் படத்துக்கு அது வழி இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது மெயில் ஐடி

புது போனைப் பெட்டியிலிருந்து எடுக்கும் முன் பழைய போனைக் கையில் எடுங்கள். செட்டிங்ஸில் 'கூகுள்' என்பதைத் தொட்டால் எந்த ஜிமெயில் முகவரி அதில் இருக்கிறது என்று தெரியும். நம்மில் பலருக்கு அந்த முகவரியைப் போன் வாங்கிய கடையில் உட்கார்ந்திருந்த தம்பிதான் போட்டுக் கொடுத்திருப்பார். பாஸ்வேர்டு அவருக்கும் நினைவில்லை, நமக்கும் தெரியாது. போன் திறந்தே இருந்ததால் இத்தனை வருடம் அது தேவைப்படவும் இல்லை.

பழைய போன் உயிரோடு இருக்கும்போதே இதைச் சரிசெய்வது சுலபம். அந்தக் கணக்கில் உங்கள் இப்போதைய மொபைல் எண்ணை மீட்பு எண்ணாகச் சேருங்கள். புது பாஸ்வேர்டு வைத்து நோட்டில் எழுதி வையுங்கள். போனை அழித்த பிறகு இதே வேலையைச் செய்யப் போனால், 'நீங்கள்தான் நீங்கள்' என்று கூகுளுக்கு நிரூபிப்பது பெரும்பாடு. இன்னொன்று: இரண்டு ஆண்டுகள் யாருமே பயன்படுத்தாத தனிநபர் கணக்கை, அதில் உள்ள படங்களோடு நீக்குவதற்குக் கூகுளின் விதியில் இடமுண்டு. ஐபோனுக்கு மாறியபின் பழைய ஜிமெயிலை அப்படியே மறந்துவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து, படங்கள் உண்மையில் எங்கே இருக்கின்றன? மூன்று இடத்தில் இருக்கலாம். போனின் சொந்த நினைவகம், மெமரி கார்டு, கூகுள் போட்டோஸ். "கூகுள்ல எல்லாம் ஏறியிருக்கு" என்று நம்பியிருப்பவர்கள் ஒரு முறை உள்ளே போய்ப் பாருங்கள். கேமராவில் எடுத்த படங்கள்தான் பொதுவாகத் தானாக ஏறும். வாட்ஸ்அப்பில் வந்தவை, ஸ்கிரீன்ஷாட்கள் ஆகியவை தனித்தனி ஃபோல்டர்கள். பேக்கப் செட்டிங்கில் அந்த ஃபோல்டர்களை நீங்களே ஆன் செய்திருந்தால்தான் அவை ஏறியிருக்கும். அண்ணன் அனுப்பிய பத்திரத்தின் படம், பேத்தியின் முதல் படம் எல்லாம் பெரும்பாலும் இந்த வாட்ஸ்அப் ஃபோல்டரில்தான் இருக்கும். ஐபோனில் மெமரி கார்டு போட இடமே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மாற்றும் வேலை

ஐபோனை முதல் முறை ஆன் செய்து அமைக்கும்போதே மாற்றுவதுதான் நல்ல வழி. ஆண்ட்ராய்டு போனின் பிளே ஸ்டோரில் 'மூவ் டு ஐஓஎஸ்' என்ற செயலியை இறக்குங்கள். ஆப்பிள் நிறுவனமே 2015-ல் வெளியிட்டது, கட்டணம் இல்லை. ஐபோன் அமைப்பின் நடுவில் 'ஆண்ட்ராய்டிலிருந்து' என்ற வாய்ப்பு வரும். அதைத் தொட்டால் திரையில் ஒரு எண் தோன்றும். அதைப் பழைய போனில் உள்ளிட வேண்டும். பிறகு இரண்டு போனும் தங்களுக்குள்ளேயே ஒரு வைஃபை இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும். படங்கள் அதன் வழியே நேராகப் போகும். அதனால் உங்கள் டேட்டா செலவாகாது. சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் ஊரிலும் படங்கள் போகும் வேகம் குறையாது.

இந்த வேலையின்போது பழைய போனுக்கு அழைப்பு வந்தாலோ, இடையில் வேறு செயலியைத் திறந்தாலோ பரிமாற்றம் நின்றுவிடும். 'எவ்வளவு வந்திருக்கு பார்ப்போம்' என்று தட்டிப் பார்ப்பதும் அதில் சேர்த்திதான். எனவே பழைய போனிலிருந்து சிம்மை எடுத்துவிடுங்கள். 'இந்த வைஃபையில் இணையம் இல்லை' என்று பழைய போன் முணுமுணுத்தால், அதிலேயே தொடரச் சொல்லுங்கள். இரண்டையும் சார்ஜரில் போட்டு, இரவு சாப்பாடு முடிந்த பிறகு ஆரம்பித்தால் நிம்மதி. இன்னொரு முக்கியமான விஷயம்: பழைய போனில் 'முடிந்தது' என்று வந்தாலும், ஐபோனில் ஓடும் பட்டை முழுமையாக நிறையும் வரை இரண்டையும் தொடக் கூடாது. பாதிப் படம்தான் வந்தது என்று சொல்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பலர் இந்த இடத்தில் அவசரப்பட்டிருப்பார்கள்.

எதை மாற்ற வேண்டும் என்று கேட்கும் பட்டியலில் வாட்ஸ்அப்பும் இருக்கும். 2022 முதல் இந்த வசதி உண்டு. அதைத் தேர்ந்தெடுத்து, ஐபோனிலும் அதே எண்ணில் வாட்ஸ்அப்பைத் தொடங்கினால் உரையாடல்களும் அதற்குள் இருக்கும் படங்களும் வந்துவிடும்.

ஐபோனை ஏற்கெனவே அமைத்துப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டீர்களா? பரவாயில்லை. 2023-ல் வந்த ஐபோன் 15-லிருந்து டைப்-சி துளை வந்துவிட்டது. டைப்-சி பென்டிரைவ் ஒன்றில் ஆண்ட்ராய்டின் 'டிசிஐஎம்' ஃபோல்டரையும் வாட்ஸ்அப் படங்களின் ஃபோல்டரையும் நகல் எடுங்கள். நகல்தான், 'மூவ்' வேண்டாம். அதை ஐபோனில் செருகி 'ஃபைல்ஸ்' செயலியில் திறந்து படங்களைச் சேமிக்கலாம். கேமராவில் எடுத்த படங்களின் தேதி கோப்புக்குள்ளேயே இருப்பதால் கூடவே வரும்.

கூகுள் போட்டோஸ் வழியாகவும் செய்யலாம். பழைய போனில் எல்லாம் ஏறி முடியட்டும். ஐபோனில் அதே செயலியை இறக்கி அதே ஜிமெயிலில் நுழைந்தால் படங்கள் தெரியும். ஆனால் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. அதுவும் ஜிமெயில், டிரைவ் இரண்டுக்கும் சேர்த்து. எல்லையில்லாமல் இலவசமாக ஏற்றும் காலம் 2021 ஜூன் 1-ஓடு முடிந்துவிட்டது. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி தரும் ரீசார்ஜில் 20 ஜிபி படத்தை ஏற்ற, வேறு எதற்கும் டேட்டாவைத் தொடாமல் இருந்தாலும் இரண்டு வாரம் ஆகும். ஏற்றும் முன் பேக்கப் தரத்தை 'ஒரிஜினல்' என்று வைத்தால் படம் சுருங்காது. ஐபோனில் தெரிகிறதே என்று கூகுள் போட்டோஸில் ஒரு படத்தை அழித்தால், அது எல்லா இடத்திலும் அழியும். பேக்கப் ஆன படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், அதற்குள் மீட்டுக்கொள்ளலாம்.

பழைய வாட்ஸ்அப் படங்களின் தேதி

தேதி விவரம் ஏற்கெனவே நீக்கப்பட்ட வாட்ஸ்அப் படங்கள் ஐபோனுக்கு வந்தபின், ஏழு வருடத்துப் படங்களும் இன்று எடுத்தவை போல வரிசையாக நிற்கக்கூடும். பதற வேண்டாம். ஆண்ட்ராய்டில் அந்தக் கோப்பின் பெயரைப் பாருங்கள். பெயரின் நடுவில் 20181116 என்று எட்டு இலக்கம் இருக்கும். 2018 நவம்பர் 16 அன்று வந்த படம் என்று அர்த்தம். எடுத்த தேதி அல்ல, வந்த தேதி. ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு இது மேல். ஐபோனின் போட்டோஸ் செயலியில் படத்தைத் திறந்து மேலே தள்ளினால் தேதி தெரியும். அங்கேயே 'அட்ஜஸ்ட்' என்பதைத் தொட்டு மாற்றலாம். குடும்பப் படங்களை வரிசைப்படுத்த இது போதும். சேதப் படங்களுக்கு இந்த வேலை செய்யாதீர்கள். நாம் கையால் மாற்றிய தேதிக்கு யாரும் மதிப்புத் தர மாட்டார்கள். அந்தப் படத்தை எடுத்தவர் யார் என்று தேடி, அவரிடமிருந்து மூலக் கோப்பை டாக்குமெண்ட்டாக வாங்கி வைப்பதுதான் சரி.

இனி ஐபோனில் எடுக்கும் படங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. அவை வழக்கமான 'ஜேபிஜி'யாக இல்லாமல் 'ஹைக்' என்ற வடிவத்தில் சேமிக்கப்படும். இ-சேவை மையத்தில் பென்டிரைவைக் கொடுக்கும்போது "இது ஓப்பன் ஆகலையே சார்" என்ற பதில் வருவது இதனால்தான். செட்டிங்ஸில் கேமரா, அதற்குள் ஃபார்மட்ஸ், அதில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று மாற்றிவிட்டால் அதற்குப்பின் எடுப்பவை ஜேபிஜியாகவே இருக்கும்.

ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். 'ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ்' ஆன் ஆகியிருந்தால் போனில் இருப்பவை சிறு நகல்கள். முழுப் படம் ஐகிளவுடில் இருக்கும். கேபிள் போட்டு எடுத்தால் எல்லாம் வராது. ஆப்பிளின் தனியுரிமைப் பக்கத்தில் நுழைந்து, ஐகிளவுட் படங்களின் நகலைக் கூகுள் போட்டோஸுக்கு அனுப்பக் கேட்கலாம். மூன்று முதல் ஏழு நாள் ஆகும்.

எல்லாப் படமும் தேவையா?

பட்டா, சிட்டா, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றைப் படம் எடுத்து கேலரியில் வைத்திருப்பது நம் பழக்கம். இவற்றைச் சுமந்து செல்ல வேண்டிய அவசியம் இல்லை. பட்டா விவரத்தை வருவாய்த் துறையின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது புல எண் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் புதிதாக எடுக்கலாம். நாலு வருடம் முன் எடுத்த படத்தில் உட்பிரிவு மாறியிருக்கலாம், பெயர் மாறியிருக்கலாம். கொள்முதல் நிலையத்திலோ கூட்டுறவு சங்கத்திலோ கேட்பது இன்றைய நிலையைத்தான். ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றை டிஜிலாக்கரில் வைத்தால், அது இரண்டு வகைப் போனிலும் வேலை செய்யும். போனை மாற்றினாலும் உள்ளே நுழைந்தால் போதும். துறைகள் நேரடியாக டிஜிலாக்கரில் வழங்கும் ஆவணம் அசலுக்குச் சமமாகச் சட்டப்படி ஏற்கப்படுகிறது; கேலரியில் உள்ள படத்துக்கு அந்தத் தகுதி கிடையாது.

மாற்றித் தரச் சொல்லிக் கடையில் போனைக் கொடுப்பவர்களும் இதை யோசிக்க வேண்டும். ஆதார் படமும் பாஸ்புக் படமும் உள்ள போனைப் பின் எண்ணோடு விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். பக்கத்திலேயே உட்காருங்கள். நகல் அவர்கள் கணினியில் இறங்கியிருந்தால், உங்கள் கண் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள். ஓடிபி யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம். பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

அழிப்பதற்கு முன்

உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி அலைந்தபோது, ஆடிப் பதினெட்டில் பழைய ஏடுகளை ஆற்றில் விட்டுவிட்ட செய்தி கேட்டு நொந்ததை 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். படி எடுத்தாகிவிட்டதா என்று பார்க்காமல் விட்டவை அவை. பழைய போனை ரீசெட் செய்வதும் அதே வேலைதான்.

ஐபோனில் போட்டோஸ் செயலி மொத்த எண்ணிக்கையைக் காட்டும். பழைய போனின் எண்ணிக்கையோடு அச்சாகப் பொருந்தாது, ஆனால் ஆயிரக்கணக்கில் வித்தியாசம் இருந்தால் ஏதோ ஒரு ஃபோல்டர் விட்டுப்போயிருக்கிறது. ஆகப் பழைய படம் ஒன்று, நடுவில் ஒரு வருடத்தின் பொங்கல் படம் ஒன்று, கடைசியாக எடுத்தது ஒன்று, நீளமான கல்யாண வீடியோ ஒன்று ஆகியவற்றை முழுதாகத் திறந்து பாருங்கள். தேதி சரியா, இடம் காட்டுகிறதா, வீடியோவில் சத்தம் வருகிறதா? மெமரி கார்டை வெளியே எடுத்தாகிவிட்டதா?

என் யோசனை, ஒரு மாதமாவது பழைய போனை அப்படியே வைத்திருங்கள். வாரம் ஒரு முறை சார்ஜ் போடுங்கள். "அந்தப் படம் எங்கே?" என்று வீட்டில் ஒவ்வொருவரும் தேடி முடிக்க அவ்வளவு நாள் ஆகும். அதன் பிறகு கூகுள் கணக்கை அதிலிருந்து நீக்கி, ஃபேக்டரி ரீசெட் செய்து, விற்கவோ பேரனுக்குக் கொடுக்கவோ செய்யலாம்.