யாழ்ப்பாண மறைமாவட்டமும் தோலகட்டித் துறவு மடமும்

க.பொ.த. (சாதாரண தரம்)
கத்தோலிக்க திருமறை – உள்ளூர்த் திருச்சபை வரலாறு

இப்பாடத்தைக் கற்ற பின் நீங்கள்,
• யாழ்ப்பாண மறைமாவட்டம் உருவான படிமுறையை ஆண்டுகளுடன் விளக்குவீர்கள்.
• குருக்கள் இல்லாத காலத்தில் விசுவாசம் காக்கப்பட்ட முறையை எடுத்துரைப்பீர்கள்.
• தோலகட்டித் துறவு மடத்தின் தோற்றத்தையும் அதன் சிறப்பையும் விபரிப்பீர்கள்.

1. அறிமுகம்

யாழ்ப்பாணத்தில் புனித பத்திரிசியார் கல்லூரியை அறியாதவர் இல்லை. 1850 இல் தொடங்கப்பட்ட இக்கல்வி நிலையம் 1881 இல் புனித பத்திரிசியாரின் பெயரைப் பெற்றது. இவர் 5ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தில் நற்செய்தியை அறிவித்தவர், அந்நாட்டின் பாதுகாவலர். அயர்லாந்துக் குருக்கள் பலர் யாழ்ப்பாணத்தில் பணியாற்றினர் என்பதை இப்பெயர் இன்றும் நினைவூட்டுகின்றது.

அயர்லாந்தின் திருச்சபை வரலாற்றில் துறவு மடங்களுக்கு முதலிடம் உண்டு. 6ஆம் நூற்றாண்டில் புனித கெவின் என்னும் துறவி கிளென்டலொக் என்ற மலைப் பள்ளத்தாக்கில் தனித்து வாழ்ந்தார். அவரைச் சூழ்ந்து ஒரு மடம் வளர்ந்தது. பல நூற்றாண்டுகளின் பின், 1111 இல் நடைபெற்ற ராத் பிரெசில் சங்கத்தில் அயர்லாந்து மறைமாவட்டங்களாக ஒழுங்குபடுத்தப்பட்டபோது, கிளென்டலொக்கும் ஒரு மறைமாவட்டமாயிற்று. 13ஆம் நூற்றாண்டில் அது டப்ளினுடன் இணைக்கப்பட்டது. அங்கே மடம் முதலில் வந்தது. மறைமாவட்டம் பின்னர் வந்தது.

யாழ்ப்பாணத்தில் இவ்வொழுங்கு தலைகீழானது. இங்கே முதலில் மக்கள், பின்னர் மறைமாவட்டம், அதன் பின்னரே துறவு மடம். இது ஏன் என்பதை அறிந்தால் எமது திருச்சபையின் இயல்பு விளங்கும்.

2. போர்த்துக்கேயர் காலம்

யாழ்ப்பாண இராச்சியத்தின் ஆட்சிக்குட்பட்டிருந்த மன்னாரில், புனித பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குரு ஒருவரால் பலர் திருமுழுக்குப் பெற்றனர். 1544 இல் முதலாம் சங்கிலி மன்னனின் படையினரால் இவர்களுள் ஏறத்தாழ 600 பேர் கொல்லப்பட்டனர். இவர்களே மன்னார் மறைசாட்சிகள் எனப்படுகின்றனர்.

1560 இலும் 1591 இலும் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்தனர். 1619 இல் இராச்சியம் முற்றாக அவர்கள் வசமாயிற்று. பிரான்சிஸ்கன், இயேசு சபைக் குருக்கள் ஊர்கள் தோறும் ஆலயங்களையும் பாடசாலைகளையும் அமைத்தனர்.

இக்காலத்தை மதிப்பிடும்போது இரு பக்கங்களையும் நோக்குதல் வேண்டும். உண்மையான விசுவாசத்தால் மனந்திரும்பியோர் இருந்தனர். பதவி, வரிச்சலுகை, அச்சம் என்பவற்றால் மதம் மாறியோரும் இருந்தனர். 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டமை போன்ற செயல்கள் மக்கள் மனத்தில் ஆறாத வடுவை ஏற்படுத்தின. அரசின் வாளுடன் வரும் மதம் அரசு வீழும்போது தானும் வீழ்ந்துவிடுமா? இக்கேள்விக்கு அடுத்த காலப்பகுதி விடை தருகின்றது.

3. ஒல்லாந்தர் காலம் – குருக்கள் இல்லாத திருச்சபை

1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். கத்தோலிக்க குருக்கள் வெளியேற்றப்பட்டனர். கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டது. ஆலயங்கள் சீர்திருத்தத் திருச்சபையின் வழிபாட்டிடங்களாகவும் பாடசாலைகளாகவும் மாற்றப்பட்டன. பல்தேயஸ் பாதிரியார் இப்பணியில் முன்னின்றார்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குருக்களின் பணி முறையாகக் கிடைக்கவில்லை. பலர் ஒல்லாந்தரின் சமயத்தை வெளிப்படையாக ஏற்றனர். ஆயினும் வீடுகளுக்குள் செபமாலை சொல்லப்பட்டது. பெற்றோர் பிள்ளைகளுக்குச் செபங்களை வாய்மொழியாகக் கற்பித்தனர். அரசின் ஆதரவு நீங்கிய பின்பும் விசுவாசம் அழியவில்லை என்பதற்கு இதுவே சான்று.

1687 இல் கோவாவைச் சேர்ந்த புனித யோசேவ் வாஸ் அடிகளார் கூலியாளின் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். யார் கத்தோலிக்கர் என்று அறிய வழியில்லை. வெளிப்படையாகக் கேட்டால் உயிருக்கு ஆபத்து. எனவே அவர் கழுத்தில் செபமாலையை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அதைக் கண்டு முகம் மலர்ந்தவர்களைக் கொண்டு கத்தோலிக்கரை இனங்கண்டார். பின்னர் சில்லாலையை மையமாகக் கொண்டு இரவு வேளைகளில் திருப்பலி ஒப்புக்கொடுத்தார்.

1689 நத்தார்க் காலத்தில் ஒல்லாந்தர் வழிபாட்டுக்குக் கூடிய மக்களைச் சிறைப்பிடித்துத் தண்டித்தனர். வாஸ் அடிகளார் புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியத்திற்குச் சென்றார். 1711 ஜனவரி 16 இல் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். அவரும் அவரைத் தொடர்ந்து வந்த கோவா ஓரட்டோரியன் சபைக் குருக்களுமே இலங்கைத் திருச்சபையை மீளக் கட்டியெழுப்பினர்.

நினைவிற் கொள்க: வாஸ் அடிகளார் 1995 ஜனவரி 21 இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பரால் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 ஜனவரி 14 இல் திருத்தந்தை பிரான்சிசால் புனிதராகவும் கொழும்பில் அறிவிக்கப்பட்டார்.

4. பிரித்தானியர் காலம் – மறைமாவட்டத்தின் பிறப்பு

1795 இல் பிரித்தானியர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். 1806 இல் கத்தோலிக்கர் மீதான சட்டத் தடைகள் நீக்கப்பட்டன. இதன் பின் நிருவாக வளர்ச்சி படிப்படியாக ஏற்பட்டது.

(அ) 1834 – இலங்கை கொச்சி மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி விக்காரியட் ஆயிற்று. விக்காரியட் என்பது மறைமாவட்ட நிலையை இன்னும் அடையாத, பாப்பரசரின் பிரதிநிதி ஒருவர் நிருவகிக்கும் மறைப்பணிப் பகுதியாகும்.

(ஆ) 1840களில் யாழ்ப்பாணம், கொழும்பு என இரு விக்காரியட்டுகள் தோன்றின. யாழ்ப்பாணத்தைப் பெற்றாக்கினி ஆண்டகை பொறுப்பேற்றார்.

(இ) 1847 நவம்பர் 28 – அமலமரித் தியாகிகள் (அ.ம.தி.) காலியில் வந்திறங்கினர். மார்செய் ஆயரும் அச்சபையின் நிறுவுனருமான புனித மசனெட் ஆண்டகை இவர்களை அனுப்பினார். செமேரியா அடிகளார் இக்குழுவின் தலைவர்.

(ஈ) 1886 செப்டெம்பர் 1 – திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் இந்தியாவிலும் இலங்கையிலும் மறைமாவட்ட ஆட்சிமுறையை நிறுவினார். யாழ்ப்பாணம் மறைமாவட்டமாக உயர்ந்தது. மெலிசன் ஆண்டகை முதல் ஆயரானார்.

இவ்வளர்ச்சியுடன் கல்விப்பணியும் வளர்ந்தது. 1862 இல் திருக்குடும்பக் கன்னியர்கள் வந்து பெண் கல்வியை முன்னெடுத்தனர். 1868 முதல் 1883 வரை யாழ்ப்பாணத்தை வழிநடத்திய பொன்ஜீன் ஆண்டகை பாடசாலைகளுக்காக அரசுடன் வாதாடினார். 1876 இல் ‘சத்தியவேத பாதுகாவலன்’ பத்திரிகை வெளிவரத் தொடங்கியது. தமிழறிஞராகிய நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் (1875 – 1947) இம்மறைமாவட்டம் ஈன்ற அ.ம.தி. குருவாவார்.

மறைமாவட்டத்தின் எல்லை காலத்துக்குக் காலம் சுருங்கியது. 1893 இல் திருகோணமலையும், 1975 இல் அநுராதபுரமும், 1981 இல் மன்னாரும் தனியாகப் பிரிந்தன. இதைக் குறைவு எனக் கருதுதல் தவறு. தாய்மரத்திலிருந்து கன்றுகள் பெயர்த்து நடப்பட்டதைப் போன்றதே இது.

5. தோலகட்டி – மண்ணில் வேரூன்றிய துறவு

பாடசாலை, மருத்துவம், மறையுரை எனப் பணிகள் பெருகின. ஆனால் ஒரு குறை இருந்தது. செபத்தையே முழுநேர வாழ்வாகக் கொண்ட துறவு மடம் ஒன்று இங்கில்லை. மறைபரப்புக் குருக்கள் ஊர் ஊராகச் செல்ல வேண்டியிருந்தது. மடம் அமைத்துத் தியானத்தில் அமர எவருக்கும் ஓய்வில்லை. மறைமாவட்டத்துக்குப் பின்னரே மடம் தோன்றியதன் காரணம் இதுவே.

1926 இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் வெளியிட்ட சுற்றுமடல், மறைபரப்பு நாடுகளில் உள்ளூர்க் குருக்களையும் தியான வாழ்வுச் சபைகளையும் வளர்க்குமாறு வேண்டியது. அப்போது யாழ்ப்பாண ஆயராக இருந்தவர் கியோமர் ஆண்டகை. அவரது விருப்பத்தைச் செயற்படுத்த முன்வந்தவர் யாழ்ப்பாண மண்ணின் மைந்தராகிய தோமஸ் அடிகளார் அ.ம.தி. (1886 – 1964) ஆவார்.

1928 பெப்ரவரி 2 ஆம் நாள், ஆண்டவரைக் கோயிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாளில், வலிகாமத்தில் வசாவிளானை அண்டிய தோலகட்டியில் செபமாலைத் தாசர் சபை ஆரம்பமாயிற்று. அதன் வாழ்க்கை முறையின் முக்கிய அம்சங்கள் வருமாறு:

• இரவும் பகலும் மாறி மாறித் தொடர்ச்சியாகச் செபமாலை சொல்லுதல்.
• மௌனமும் எளிய உணவும் தவமும்.
• கைவேலையால் வாழ்தல்.

தோலகட்டித் துறவிகளின் நெல்லி ரசமும் திராட்சை ரசமும் குடாநாடெங்கும் பெயர் பெற்றவை. வலிகாமத்துச் செம்மண்ணில் தோட்டம் செய்யும் விவசாயியைப் போன்றே துறவியும் கைகளால் உழைத்தார். செபமும் உழைப்பும் ஒன்றுடன் ஒன்று முரண்பட்டவை அல்ல என்பதை அயலவர் கண்ணாரக் கண்டனர். பின்னர் பெண்களுக்கான சபையும் தோன்றியது. இந்தியாவிலும் மடங்கள் அமைந்தன.

இங்கு ஒரு தொடர்பைக் கவனியுங்கள். 1687 இல் வாஸ் அடிகளார் மக்களை இனங்கண்டது செபமாலையால். குருக்கள் இல்லாத வீடுகளில் விசுவாசத்தைக் காத்தது செபமாலை. மண்ணின் மைந்தர் ஒருவர் நிறுவிய சபைக்கு அடிப்படையாக அமைந்ததும் அதே செபமாலை. அது புதிதாக வந்த ஒன்றன்று. மக்கள் ஏற்கெனவே வாழ்ந்து வந்த பக்தியே துறவு வாழ்வாக முதிர்ந்தது.

6. இடப்பெயர்வும் தொடர்ச்சியும்

1990 இல் போர் காரணமாக வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கியது. வீடுகளும் கோயில்களும் ஆலயங்களும் பாடசாலைகளும் மக்களுக்கு எட்டாதவையாயின. தோலகட்டியும் இதற்கு விலக்கன்று. 1995 யூலை 9 இல் நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது குண்டுகள் வீசப்பட்டன. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் அனைவரும் ஊர் விட்டகன்றனர். 2009 இல் போர் முடிவடைந்த பின்னர் வலிகாமம் வடக்குக் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டு வந்தன.

மடம் அமைந்த நிலத்தைப் பிரிந்தபோதும் சபை அழியவில்லை. வேறிடங்களில் செபமாலை தொடர்ந்தது. 1658 இல் ஆலயங்களை இழந்த மக்கள் காட்டிய வழியும் இதுவே. கட்டடம் பறிபோகலாம், கூடிச் செபிக்கும் மக்கள் இருக்கும் வரை திருச்சபை இருக்கும். இதுவே இப்பாடத்தின் மையக் கருத்தாகும்.

7. மாணவர் வழமையாக விடும் தவறுகள்

• மறைமாவட்டம் போர்த்துக்கேயரால் நிறுவப்பட்டது என எழுதுதல் பிழை. அது நிறுவப்பட்ட ஆண்டு 1886.
• வாஸ் அடிகளாரை அ.ம.தி. சபையினர் என எழுதுதல் பிழை. அவர் ஓரட்டோரியன் சபையைச் சேர்ந்தவர்.
• தோமஸ் அடிகளார் அ.ம.தி. குரு, அவர் நிறுவியது செபமாலைத் தாசர் சபை. இரண்டையும் ஒன்றாகக் கொள்ளாதீர்கள்.
• முத்திப்பேறு பெற்ற ஆண்டையும் (1995) புனிதரான ஆண்டையும் (2015) மாற்றி எழுதாதீர்கள்.

8. மாதிரி வினாவும் விடையும்

வினா: “அயர்லாந்தின் கிளென்டலொக்கும் யாழ்ப்பாணமும் வெவ்வேறு வழிகளில் வளர்ந்தன.” விளக்குக.

விடை: கிளென்டலொக்கில் புனித கெவினைச் சூழ்ந்து 6ஆம் நூற்றாண்டில் துறவு மடம் தோன்றியது. 1111 இலேயே அது மறைமாவட்டமாயிற்று. யாழ்ப்பாணத்திலோ ஒல்லாந்தர் காலத் துன்பங்களில் பொதுநிலையினர் விசுவாசத்தைக் காத்தனர். வாஸ் அடிகளார் அவர்களை ஒன்றுகூட்டினார். 1886 இல் மறைமாவட்டம் நிறுவப்பட்டது. 1928 இலேயே தோலகட்டித் துறவு மடம் எழுந்தது. எனவே அங்கு மடம் மறைமாவட்டத்தைத் தந்தது. இங்கு மறைமாவட்டம் மடத்தைத் தந்தது. இரு இடங்களிலும் செபமே அடித்தளமாக இருந்தது.

9. பயிற்சி

1. விக்காரியட் என்பதால் யாது விளங்குகிறீர்?
2. அ.ம.தி. சபையினர் இலங்கைக்கு வந்த ஆண்டு யாது? அவர்களை அனுப்பியவர் யார்?
3. யாழ்ப்பாண மறைமாவட்டத்திலிருந்து பிரிந்த மூன்று பகுதிகளை ஆண்டுகளுடன் தருக.
4. செபமாலைத் தாசர் வாழ்க்கை முறையின் மூன்று அம்சங்களைக் குறிப்பிடுக.
5. போர்த்துக்கேயர் கால மறைபரப்பின் நன்மை தீமைகளை நடுநிலையாக ஆராய்க.
6. செயற்பாடு: உங்கள் ஊர் ஆலயத்தின் வரலாற்றை முதியவர் ஒருவரிடம் கேட்டறிந்து, இடப்பெயர்வுக் காலத்தில் அங்கு வழிபாடு எவ்வாறு தொடர்ந்தது என்பதைப் பத்து வரிகளில் எழுதுக.