பழைய படமும் புதுக் கண்ணும்: எங்கள் வீட்டில் ஒரு ஆய்வு

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவி, மணவாள நகர்)



பேரவை மலருக்குக் கட்டுரை கேட்டு வகுப்புக்கு வந்தபோது ஆளாளுக்கு ரோபோ, மின்சாரக் கார், சூரிய சக்தி என்று தலைப்பு கொடுத்தார்கள். நான் எழுந்து "பழைய சினிமா" என்றேன். வகுப்பே சிரித்தது. மெக்கானிக்கல் படிக்கிற பொண்ணுக்கு சினிமா எதுக்கு என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். அந்த நண்பருக்குத்தான் இந்தக் கட்டுரை.

ஆய்வு என்றால் நமக்குத் தெரிந்தது லேப்தானே. அப்சர்வேஷன் நோட்டில் எழுதுகிற மாதிரியே எழுதுகிறேன். நோக்கம்: பழைய தமிழ்ப் படங்களை இன்றைக்குப் பார்த்தால் தாங்குமா, தாங்காதா? தேவையான கருவிகள்: எங்கள் வீட்டு டி.வி., ஆயா, அப்பா, அம்மா, தம்பி. செய்முறை: படத்தை ஓட விட்டு, யார் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், யார் சிரிக்கவில்லை என்று குறித்துக்கொள்வது. அவ்வளவுதான்.

இந்த யோசனை வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். போன விடுமுறையில் நம் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் பதினைந்து நாள் டிரெயினிங் போனேன். பெயர் வேண்டாம். அங்கே எங்கள் லைனுக்கு இன்சார்ஜ் ஒரு மேடம். அவங்களும் டிப்ளமோதான். லேட்டாக வந்தால் ஏன் என்று கேட்பார்கள், கேஜ் வைத்து அளக்காமல் பீஸை டிரேயில் போட்டால் திருப்பி எடுக்கச் சொல்வார்கள். ஒரு ஆம்பளை இன்சார்ஜ் செய்தால் யாரும் கவனிக்கவே மாட்டார்கள். ஆனால் அவங்க தலை தெரிந்ததும் பின்னால் ஒரு சத்தம் வரும்: "டேய், சாந்தி தேவி வருதுடா." முதல் நாள் நானும் சிரித்தேன். எங்கள் வீட்டில் அந்தப் படம் மனப்பாடம், அதனால் ஜோக் உடனே புரிந்துவிட்டது. மூன்றாம் நாள் ஒரு அண்ணன் என்னைப் பார்த்து, "நீயும் படிச்சு முடிச்சிட்டு இப்படித்தான வருவ, குட்டி சாந்தி தேவி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அந்தப் படம் 'மன்னன்'. 1992 பொங்கலுக்கு வந்தது. பி.வாசு இயக்கம், இளையராஜா இசை, ரஜினிகாந்தும் விஜயசாந்தியும் நடித்தது. 1986-ல் ராஜ்குமார் நடித்து வந்த 'அனுராக அரளிது' என்ற கன்னடப் படம்தான் இதற்கு மூலம். அதே கதை தெலுங்கில் 1992-ல் 'கரானா மொகுடு' என்று சிரஞ்சீவிக்கும், இந்தியில் 1994-ல் 'லாட்லா' என்று அனில் கபூருக்கும் போனது. ஒரு கதை நாலு மொழியில் ஓடியிருக்கிறது என்றால் நாலு மொழிக்காரர்களுக்கும் அதில் ஏதோ பிடித்திருக்கிறது.

கதை தெரியாத தம்பி தங்கைகளுக்காகச் சுருக்கமாக: ஒரு பெரிய கம்பெனியின் முதலாளி சாந்தி தேவி. திமிர் பிடித்தவள். அங்கே வேலைக்குச் சேரும் கிருஷ்ணன் தொழிலாளர்களின் தலைவனாகிறான். அவனை அடக்கி வைக்கலாம் என்று அவள் அவனையே கல்யாணம் செய்துகொள்கிறாள். அடங்குவது யார் என்பதுதான் மீதிப் படம். கடைசியில் முதலாளியம்மா குடும்பத் தலைவி ஆகிறாள், சுபம்.

அப்பா இந்தப் படத்தைப் பதினாலு வயதில் பார்த்தவர். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஒரு லேத் பட்டறையில் ஹெல்பராகச் சேர்ந்த நேரம். இந்தத் தடவை படம் ஓடும்போது நான் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். லீவுக்குப் பொய் சொல்லிவிட்டு ரஜினியும் கவுண்டமணியும் சினிமாவுக்குப் போய் மாட்டிக்கொள்ளும் இடத்தில் அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தம்பியும் சிரித்தான், நானும்தான். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் காட்சி அப்படியே நிற்கிறது. அம்மா பாட்டு வந்தபோது ஆயா முந்தானையால் கண்ணைத் துடைத்தது. அதுவும் நிற்கிறது.

பிறகு அந்த அறை. அவள் அவனை அடிக்கிறாள், அவன் திருப்பி அடிக்கிறான், தொழிலாளர்கள் பார்க்கிறார்கள். தியேட்டரில் அந்த இடத்தில் விசில் காதைப் பிளக்குமாம். அப்பா கை தட்டினார். அம்மா கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"ஏம்பா, உனக்கு இந்த எடம் ஏன் புடிக்குது?" என்று கேட்டேன்.

அப்பா யோசித்துச் சொன்னார். "நான் முப்பது வருஷமா மேனேஜர் முன்னாடி கை கட்டிக்கினு நிக்கறவன்மா. கூலி ஏத்திக் கேட்டா நாளைக்கு வராதன்னுவான். யாரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினது இல்ல. இங்க ஒருத்தன் பேசறான். அவ்ளோதான், வேற ஒண்ணும் இல்ல."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. பொம்பளையை அடிப்பதால் பிடிக்கிறது என்று எழுதத் தயாராக நோட்டைப் பிடித்திருந்தேன். அப்பா கை தட்டியது முதலாளி வாங்கிய அறைக்கு. அம்மா பார்க்காமல் விட்டது பொம்பளை வாங்கிய அறையை. அறை ஒன்றுதான். இந்தப் படம் எங்கே நிற்கிறது, எங்கே விழுகிறது என்பது இங்கேதான் எனக்குப் பிடிபட்டது.

சாந்தி தேவிக்குப் பதிலாக ஒரு ஆண் முதலாளியைப் போட்டுப் பாருங்கள். திமிர் பிடித்த முதலாளி கடைசி ரீலில் திருந்துவான், தொழிலாளியைக் கட்டிப்பிடிப்பான், போனஸ் கொடுப்பான். கம்பெனி அவனிடமேதான் இருக்கும். பெண்ணாக இருந்தால் திருந்தினால் மட்டும் போதாது, நாற்காலியையும் காலி பண்ணிவிட்டு அடுப்பங்கரைக்குப் போகணும். தொழிலாளிக்கு நியாயம் கேட்க ஆரம்பித்த படம், அந்த நியாயத்தின் விலையை ஒரு பெண்ணிடமிருந்து வசூல் பண்ணிக்கொண்டு முடிகிறது. இத்தனைக்கும் விஜயசாந்தி அதற்குச் சற்று முன்புதான் 'கர்த்தவ்யம்' படத்தில் போலீஸ் அதிகாரியாக நடித்து தேசிய விருது வாங்கியவர். தமிழில் 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்.' என்று வந்து ஓடு ஓடு என்று ஓடியது அது.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "அந்தக் காலம் அப்படிம்மா." ஓரளவு உண்மைதான். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 66-வது பிரிவு பெண்களை இரவு ஷிஃப்டில் நிற்க விடவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது 2000 டிசம்பரில்தான். 'மன்னன்' வந்தபோது பட்டறைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண் முதலாளி என்றாலே அவர்களுக்கு வேடிக்கைதான்.

ஆனால் அந்தப் பதில் முழுசாகச் செல்லாது. ஏனென்றால் அதற்கு 18 வருஷம் முன்னாலேயே, 1974-ல், கே.பாலசந்தர் 'அவள் ஒரு தொடர்கதை' எடுத்துவிட்டார். வேலைக்குப் போய் ஒரு குடும்பத்தையே தூக்கிச் சுமக்கிற கவிதாவாக சுஜாதா. அவள் கத்துவாள், எரிந்து விழுவாள், யாருக்கும் நல்லவளாக நடிக்க மாட்டாள். அதற்காகப் படம் அவளை அடக்கவில்லை. ஏன் கத்துகிறாள் என்று காட்டுகிறது. (இதன் தெலுங்குப் பதிப்பு 1976-ல் 'அந்துலேனி கத'. அதில் பொறுப்பில்லாத குடிகார அண்ணனாக நடித்தவர் யார் தெரியுமா? நம்ம ரஜினிதான்!) காலம்தான் காரணம் என்றால் 1974 படம் 1992 படத்தைவிட மோசமாக இருந்திருக்கணும் இல்லையா?

அதற்காக அந்தப் படத்தையும் தலையில் தூக்கி வைத்து ஆட மாட்டேன். கடைசியில் கவிதா தன் கல்யாணத்தையும் விட்டுக்கொடுத்து மறுபடி வேலைக்கே போகிறாள். அதைப் பார்த்து ஊரே அழுததாம். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒருத்தி மாட்டிக்கொண்டதற்குத் தியாகம் என்று பெயர் வைத்தால் சரியாகிவிடுமா?

மற்ற படங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1989-ல் வந்த 'கரகாட்டக்காரன்' வாழைப்பழ காமெடி நூற்றுக்கு நூறு. அது வெறும் கணக்கு ஜோக், யாருடைய நிறமும் உருவமும் அதில் தேவைப்படவில்லை. 2007-ல் வந்த 'சிவாஜி'யில் இரண்டு பெண்களின் முகத்தில் கறுப்புப் பூசி, பாரி மகளிரான அங்கவை, சங்கவை பெயரையும் வைத்துச் சிரித்தது பூஜ்யம். என் நிறம் என்ன என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும், மேலே எழுதவில்லை. 1972-ல் வந்த 'பட்டிக்காடா பட்டணமா' அந்த வருடத்தின் சிறந்த தமிழ்ப் படமாக தேசிய விருது வாங்கியது. லண்டனில் படித்துவிட்டு வந்த மனைவியை (ஜெயலலிதா) கிராமத்துக் கணவன் (சிவாஜி) வழிக்குக் கொண்டுவருகிற கதை. ஆயா அதை டென்ட்டுக் கொட்டாயில் தாத்தாவோடு போய்ப் பார்த்ததாம். சாட்டைக் காட்சியில் தம்பி சிரித்தான். ஆயா சிரிக்கவில்லை. "சினிமாவுல அடிச்சா சத்தம்தாண்டா வரும்" என்றது. தாத்தாவைப் பற்றி ஆயா அதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

'அவள் ஒரு தொடர்கதை'யை ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான் போட முடிந்தது. அம்மாவுக்காகவே போட்டேன். ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் அம்மா ஒப்பந்தத் தொழிலாளி. முதல் ஷிஃப்ட் பஸ் விடியற்காலை ஐந்தேகாலுக்கு எங்கள் தெரு முனைக்கு வந்துவிடும். பாதிப் படத்தில் திரும்பிப் பார்த்தால் அம்மா சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். எழுப்பவில்லை.

அப்பாவும் நானும் மட்டும் முடிவு வரைக்கும் பார்த்தோம். அதுவரை டிரெயினிங்கில் நடந்ததை நான் வீட்டில் சொல்லவில்லை. அன்றைக்குச் சொன்னேன், நான் சிரித்ததையும் சேர்த்து. அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்.

"அந்த மேடம் பேரு இன்னாமா?"

எனக்குத் தெரியவில்லை. பதினைந்து நாள் அவங்களிடம்தான் கேஜ் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். பையிலிருந்து டிரெயினிங் சர்டிபிகேட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் மேனேஜர் கையெழுத்துதான் இருந்தது.