பழைய ஆர்.எக்ஸ். 100-ஐ ஓட வைக்க...

1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 வீட்டில் சும்மா நிற்கிறதா? பணத்தை இறக்கும் முன் கவனியுங்கள்.

1. எஞ்சின், சேஸிஸ் எண்களை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். எண் மாறியிருந்தால் ஆர்.டி.ஓ.வில் புதுப்பிப்பது சிக்கல்.

2. டேங்கைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சென்னையில் மயிலாப்பூர், அடையாறு கடற்காற்றில் துரு சீக்கிரம் பிடிக்கும். அந்தத் துகள் கார்புரேட்டர் ஜெட்டை அடைத்துவிடும்.

3. கழற்றிய பாகத்தைக் கையோடு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கோ புதுப்பேட்டைக்கோ எடுத்துப் போங்கள். ஆர்.எக்ஸ்.ஜி., ஆர்.எக்ஸ். 135 பாகங்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், அளவு மாறிவிடும். பழைய பாகத்துக்கும் பில் கேளுங்கள். திருட்டு வண்டியில் கழற்றியது என்றால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

4. பிஸ்டனை முதலில் வாங்கிக் கொடுத்து, பிறகு சிலிண்டரை போரிங் செய்யச் சொல்லுங்கள். பிஸ்டனை அளந்துதான் சரியான இடைவெளி வைக்க முடியும்.

5. ஆயில் பம்பில் காற்றை வெளியேற்றுங்கள். முதல் டேங்க் பெட்ரோலிலும் கொஞ்சம் 2டி ஆயில் கலந்துவிடுங்கள். ஆயில் போகாவிட்டால் புது பிஸ்டனும் ஜாம் ஆகிவிடும்.

6. குரோம் போன சைலன்சரைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். முலாம் மறுபடி பூசலாம்; ஒரிஜினல் கிடைப்பது அரிது.